சாய்ந்தமருதில் மாடியேறிய நெல்

கல்முனையில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்த மண்டபத்தில் விவசாயி என்று ஒருவர்கூட இல்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் மட்டும் ஒருவர் இருந்தார். தலைப்பாகை, தோளில் மண்வெட்டி, வாயெல்லாம் பல். அவருக்கு மேலே கொட்டை எழுத்தில் 'விவசாயி – நுகர்வோர் புரிந்துணர்வை வளர்ப்போம்' என்று எழுதியிருந்தார்கள். வளர்க்க வந்திருந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் நுகர்வோர். அதிலும் பாதிப்பேர் மண்டபத்தின் ஏ.சி. காற்றை நுகர வந்தவர்கள் என்று எனக்குப் பட்டது.

நான் இருப்பது திருச்சி உறையூரில். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களுமாக முப்பது குடும்பங்கள் சேர்ந்து, லால்குடிப் பக்கம் நான்கு விவசாயிகளிடம் நேரடியாக அரிசி வாங்குகிறோம். பதினொரு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டேதான் வாங்குகிறோம். அந்த அனுபவத்தைச் சொல்லத்தான் கடல் தாண்டி இலங்கையின் கிழக்குக் கரைக்கு வரவழைத்திருந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய உரை கைப்பையில் இருந்தது.

மதியம் சோற்றுப் பார்சல் வந்தது. பிரித்தால் ஊசி ஊசியாக, வெள்ளை வெளேரென்று பாஸ்மதி. கப்பலில் வந்த அரிசி. அந்த மண்டபத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் கண்ணுக்கெட்டியவரை வயல், அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஏற்பாட்டாளரிடம் போய், உள்ளூர் அரிசி கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"வெளிநாட்டு விருந்தாளிக்கு எப்பிடி மேடம் அதக் குடுக்கிற?" என்றார், நல்ல மனிதர், உண்மையாகவே பதறிப்போய்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது, பாவம். என் முறை வந்ததும் மேடையேறி, விருந்தாளிக்குக் கொடுக்கக் கூச்சப்படும் அரிசியை விளைவிப்பவரோடு என்ன புரிந்துணர்வு வளர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். இந்த மண்டபத்தில் பத்து விவசாயிகள் உட்காரும்போது சொல்லியனுப்புங்கள், சொந்தச் செலவில் வருகிறேன் என்று இறங்கிவிட்டேன். பழக்கதோஷத்தில் சிலர் கைதட்டினார்கள்.

வாசலில் என் பின்னாலேயே ஓடி வந்தவர் பரீதா. சாய்ந்தமருதில் விஞ்ஞான ஆசிரியை. என்னை அழைக்கச் சொன்னதே அவர்தான். தொலைபேசியில் இரண்டு வருஷப் பழக்கம், நேரில் பார்ப்பது அன்றுதான்.

"நீங்க கதைச்சது சரி அக்கா. ஆனா சாப்பிடாம எழும்பிட்டீங்களே. வாங்க, எங்கட ஊட்ட போவம். சிவத்த அரிசிச் சோறு இரிக்கி" என்றார்.

கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் சாய்ந்தமருது. வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லை. சுனாமி எடுத்துக்கொண்ட கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கிடைத்த துண்டு நிலத்தில் மேலே மேலே கட்டியிருக்கிறார்கள். தெருவை 'ஒழுங்கை' என்கிறார்கள். பரீதாவின் ஒழுங்கையில் இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்க வேண்டும்.

வீட்டில் பரீதாவின் கணவர் இருந்தார். வங்கி அதிகாரி, பக்கத்து ஊரான நிந்தவூர்க்காரர். எங்கள் ஊர் மரியாதைப்படி அவரிடம்தான் முதலில், "நான் நாலு நாள் உங்கள் வீட்டில் தங்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"என்னட்டக் கேக்கிறீங்களே! நானே இங்க வந்து தங்கினவன்தான்."

அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெற்றவர்கள் கட்டி, மகள் பேரில் எழுதி, மாப்பிள்ளையை அதற்குள் அழைத்துக்கொள்கிறார்கள். மீன் ஆணத்தோடு சிவப்பரிசிச் சோற்றைப் பிசைந்தபடி இதைக் கேட்டபோது, உறையூரில் என் பேரில் ஒரு சைக்கிள்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. குழம்பைத்தான் அங்கே ஆணம் என்கிறார்கள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சிவப்பரிசியின் கதையை பரீதா சொன்னார். பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்ற காலத்தில், கடைகளில் அரிசி இல்லாதபோது, ஜவ்பர் என்ற விவசாயி தன் வண்டியில் மூட்டைகளை ஏற்றி இந்த ஒழுங்கை முனையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து இருபத்திரண்டு வீடுகள் அவரிடமே வாங்குவதாகப் பேச்சு. மருந்தடிக்காத சிவப்பு நெல்லை அவர் இவர்களுக்காகவே விதைக்கிறார்.

"அப்போ எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"எங்க அக்கா? போன போகம் அரிசியில கல்லு. முன் ஊட்டு சுலைஹா ராத்தாட பல்லு ஒண்டு ஒடஞ்சி போச்சு. இப்ப ரெண்டு பக்கமும் முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறாங்க."

மறுநாள் காலை ஜவ்பரின் வயலுக்குக் கிளம்பினோம். ஓட்டோ ஊரைத் தாண்டி மேற்கே திரும்பியதுமே கல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. தார்ச்சாலையின் ஒரு பாதி முழுக்க நெல். கிலோமீட்டர் கணக்கில் பழுப்பு விரிப்பு, ஓரத்தில் கற்களை வரிசையாக அடுக்கி அணை கட்டியிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது. எங்கள் ஓட்டோக்காரர் ஒதுங்கப் போய், முன்சக்கரம் நெல்லில் ஏறி, வண்டி வழுக்கிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்து நின்றது. நான் பரீதாவின் மடியில், என் கைப்பை வாய்க்காலில். ஒரு வாரம் எழுதிய உரை தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்தேன். பையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள், தாள்களை நான் எடுக்கச் சொல்லவில்லை.

விளக்குமாற்றோடு நின்ற ஒரு அம்மாள் ஓட்டோக்காரரைத் திட்டினார். ஓட்டோக்காரர் ரோடு யாருடையது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கொழும்புப் பக்கமிருந்து ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் இறங்கி, நெல்லைப் படம் எடுத்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"எவ்வளவு அழகு எண்டு சொல்றா" என்று பரீதா மொழிபெயர்த்தார்.

விளக்குமாற்று அம்மாளுக்கும் அது கேட்டது. "அழகு எண்டா ரெண்டு மணித்தியாலம் இந்த வெயில்ல நிண்டு கிண்டச் சொல்லுங்க" என்றார். அதை மட்டும் பரீதா மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? லால்குடிக்குப் போகும் வழியிலும் ரோட்டில்தான் காய்கிறது. காரில் போகும்போது நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

ஜவ்பருக்கு நாற்பது வயதிருக்கும். குட்டை உருவம், முழங்கால்வரை சேறு, முகத்தில் சிரிப்பு என்பதற்கு இடமே விடாத தாடி. அவர் மனைவி நஸீலா மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். வரம்போரமாக நாற்பது மூட்டைகள் அடுக்கியிருந்தன. முந்தின நாள்தான் அறுவடை மெஷின் வந்து போயிருந்தது. ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். ஈரமும் சூடுமாக, காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

"மெஷின் ஈரத்தோட துப்பிப்போட்டுப் போகுது" என்றார் ஜவ்பர். "முந்தி எண்டா வெட்டி, கட்டிக் குவிச்சிச் சூடு போட்டு, காஞ்ச பிறகுதான் அடிக்கிற. இப்ப ஆள் இல்ல. மெஷின்தான். இத இண்டைக்கே விரிக்காட்டி அவிஞ்சி போகும், இல்லாட்டி முளைச்சிப் போகும். வட்டை முழுக்க தண்ணி நிக்கிது. எனக்குக் களமும் இல்ல. ரோட்டுல போட்டா உங்கட ஆக்கள் வாங்கமாட்டாங்க. போடாட்டி நெல்லே இல்ல. நீங்க படிச்சாக்கள்தானே, சொல்லுங்க, என்ன செய்யிற?"

வயல்வெளியை அவர்கள் வட்டை என்கிறார்கள். உரை கையில் இருந்திருந்தாலும் அதில் இதற்குப் பதில் இல்லை.

ஈர நெல்லை வரம்பிலேயே எடுத்துக்கொள்ளும் லொறிக்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த நெல்லானாலும் ஒன்றாய்க் கொட்டி மில்லுக்குப் போகும். ஜவ்பர் அவரிடம் சொல்லி வைத்துவிட்டார். பரீதா கெஞ்சினார். கடைசியில், அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பரீதா வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுவது, அதுவரை மூட்டைகளின் வாயைத் திறந்து வைப்பது என்று முடிவாயிற்று.

கூட்டம் எங்கள் ஊர்க் கூட்டம் போலவேதான் இருந்தது. ஆண்கள் முன் ஹாலில் நாற்காலிகளில். பெண்கள் உள்ளறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. தலைமை நாற்காலியில் முன் வீட்டு ஹாஜியார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், பல்லை இழந்த சுலைஹாவின் கணவர். ஜவ்பர் உட்காரமாட்டேன் என்று வாசற்படியில் நின்றார். நஸீலா உள்ளே எங்களோடு, ஆனால் சுவரோரமாக, பிளேன்டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு.

"நாங்க சொன்னது ஒண்டுதான் தம்பி" என்று ஹாஜியார் ஆரம்பித்தார். "ரோட்டுல காயப்போட்ட நெல்லு எங்களுக்கு வேணா. இது சாப்பிடுற சாமான். சுத்தம் முக்கியம்."

"அப்ப எங்க காயப்போடுற ஹாஜியார்?" ஜவ்பரின் குரல் உயர்ந்தது. "கல்லு வரப்படாது, மருந்தடிக்கப்படாது, விலையும் ஏறப்படாது. எல்லாம் சரி. எங்க காயப்போடுற? உங்கட ஊட்டு மாடியிலயா?"

உள்ளறையிலிருந்து பரீதாவின் குரல் கேட்டது.

"ஓம். மாடியிலதான்."

கேலியாகக் கேட்டவருக்கே அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் ஹாலில் இருந்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மாடி பாரம் தாங்காது என்றார் ஒருவர். தண்ணீர்த் தாங்கிக்குள் தூசி விழும் என்றார் இன்னொருவர். உடுப்புக் காயப்போட வேறு இடமில்லை, காகம் வரும், எலி வரும் என்று வந்துகொண்டே இருந்தது. ஹாஜியார் கையை உயர்த்தினார்.

"அது சரிவராது டீச்சர். அந்நிய ஆம்பிளைங்க ஊட்டுக்குள்ளால ஏறி இறங்கிற எண்டா எப்பிடி?"

"ஆம்பிளைங்க ஏற வேணா. நாங்க ஏத்துவம்" என்றபடி பரீதா கதவருகே வந்து நின்றார். "ஒண்டு கேக்கவா ஹாஜியார்? கோவிக்கப்படாது. உங்கட ஊட்டு உறுதி யார்ட பேர்ல இரிக்கி?"

உறுதி என்றால் அங்கே வீட்டுப் பத்திரம். ஹாஜியார் உயர்த்திய கையை இறக்கினார். பரீதாவின் கணவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜவ்பரும் சரி, நானும் சரி, அந்த ஊரின் எல்லா ஆண்களும் சரி, இரண்டு நாளாகத் தப்பான ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த ஹாலில் மாடியைப் பற்றிச் சொல்ல அதிகாரம் உள்ளவர் ஒருவர்கூட நாற்காலியில் இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலைஹா, அறுபது வயதுக்காரர், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ட பேர்லதான் இரிக்கி. என்ட மாடியில எட்டு மூட்டை போடலாம்."

அதற்குப் பிறகு யாரும் ஹாலைக் கேட்கவில்லை. என்னுடையதில் ஐந்து, என்னுடையதில் நான்கு என்று உள்ளறையில் ஏலம் போலக் குரல்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது மாடிகள்.

ஜவ்பருக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. அல்லது சொல்லப் பிடிக்கவில்லை. "நெல்லு எண்டா பரப்பிப்போட்டு ஸ்கூலுக்குப் போற சாமான் இல்ல" என்றார். "அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கிண்டணும். லொறிக்காரனை மூணு நாள் பொறுக்கச் சொல்றன். அதுக்குள்ள காஞ்சா உங்கட. இல்லாட்டி அவன்ட. அடுத்த போகம் நானும் எல்லாரப் போலயும் மில்லுக்குத்தான் விதைப்பன். இந்தக் கூட்டம் கீட்டம் ஒண்டும் வேணா."

சொல்லிவிட்டு நஸீலாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

காலையில் ஜவ்பரின் வண்டி ஒழுங்கைக்குள் நுழையவில்லை. முன்னால் கைப்பிடி, பின்னால் பெட்டி வைத்த சின்ன உழவு இயந்திரம்தான், அதுகூட முதல் வளைவில் மதிலை உரசி நின்றுவிட்டது. மூட்டைகளை முனையிலேயே இறக்கினார்கள். ஒரு மூட்டையை, லீவு போட்டு வந்த இரண்டு ஆசிரியைகள் சேர்ந்தாலும் அசைக்க முடியவில்லை. பரீதா உள்ளே போய்த் தலையணை உறைகளை உருவிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். வாளி, பேசின், பள்ளிக்கூடப் பை, கலியாணத்துக்கு வாங்கிய பூப்போட்ட தலையணை உறை என்று எல்லாவற்றிலும் நெல் மாடியேறியது. நான் ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. என் வயதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

மாடியில் நஸீலா ஆளே மாறிவிட்டார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு மாடியாக வந்து பார்த்தார். "இவ்வளவு தடிப்பாப் போட்டா காயாது, வேகும்" என்று காலால் தள்ளி மெல்லிசாக்கினார். பக்கத்து மாடிப் பெண் ஒருவர் கைப்பிடிச் சுவர்வரை அழகாகப் பரப்பியிருந்தார். "ஓரத்துல இடம் விடுங்க, மழை வந்தா எப்பிடி அள்ளுற?" என்றார் நஸீலா. உடனே விட்டார்கள். காலை நெல்லுக்குள் விட்டு, தரையோடு இழுத்து, கோடு கோடாகக் கிண்டும் நடையை எங்களுக்குக் கற்றுத் தந்தார். பார்க்க எளிது. பத்தாவது சுற்றில் உள்ளங்கால் தீய்ந்தது.

அப்புறம் சுணை. நெல்லின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத முள். கழுத்தில், முழங்கை மடிப்பில், காதுக்குப் பின்னால் என்று எங்கெல்லாமோ ஏறி அரிக்க ஆரம்பித்தது. தேங்காயெண்ணெய் பூசினோம், குளித்தோம், பூசினோம். பதினொரு வருஷம் விவசாயிகளுக்காகப் பேசிய எனக்குச் சுணை என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தொட்டதெல்லாம் அரிசி. நெல்லை எனக்காக யாரோ தொட்டிருக்கிறார்கள். போன மாதம்கூட, லால்குடி அரிசியில் இரண்டு உமி கிடந்ததற்குப் படம் எடுத்துக் குழுவில் போட்டவள் நான். வெட்கமாக இருந்தது.

மாடியிலிருந்து கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே வயல். நடுவில் எங்கள் ஒன்பது மாடிகளும் சிவப்பாகக் காய்ந்தன. ஹாஜியாரைக் காகம் ஓட்ட உட்கார வைத்திருந்தார் சுலைஹா. கறுப்புக் குடையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு நீளக் கம்போடு இருந்தார். காகங்களுக்கு அவர்மேல் பயமே இல்லை.

முதல்நாள் மாலை நஸீலா ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். "இன்னும் ஒண்டரை நாள்" என்றார். எல்லோரும் ஆளுக்கொரு நெல்லைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்கள். ஜவ்பரும் நஸீலாவும் மிச்ச வேலைக்கு வயலுக்குப் போயிருந்தார்கள். நான் பரீதா வீட்டு அடுக்களையில் பிட்டுக்குத் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. திடீரென்று வெளிச்சம் போய்விட்டது. மேலே ஓடினால் கடல் பக்கம் வானம் கறுத்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

"மழை! மழை! அள்ளுங்க!" என்று சுலைஹா தன் மாடியிலிருந்து கத்தினார். ஒன்பது மாடியிலும் பெண்கள். விளக்குமாறு, பலகை, கைகள், எது கிடைத்ததோ அதால் கூட்டினோம். மூட்டை கட்ட நேரமில்லை. படுக்கை விரிப்பில் கொட்டி, நான்கு மூலையைப் பிடித்து, படியில் இழுத்துக்கொண்டு இறங்கினோம். பரீதா வீட்டு ஹால், படுக்கையறை, கட்டில் மேல், எல்லா இடமும் நெல். முதல் துளி என் கையில் விழுந்தபோது அது குண்டுமணி அளவு இருந்தது. பிறகு அள்ளிக் கொட்டியது. நான் வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று தெரியவில்லை.

ஆண்கள் நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். தொழுகைக்குப் போட்ட வெள்ளை ஜுப்பாவோடு ஹாஜியார் தன் மாடிப்படியில் ஏறிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு மாடி நெல் தப்பியது. சுலைஹா மாடியும் அதற்கு அடுத்ததும் மாட்டிக்கொண்டன. எட்டு மூட்டையும் நான்கு மூட்டையும். கொஞ்சம் நெல் மழைநீர்க் குழாய் வழியாக ஒழுங்கையில் கொட்டி ஓடியது. மிச்சத்தை ஊறிய நெல்லாக அள்ளிக் கீழே கொண்டுவந்தோம்.

மழை விட்ட கொஞ்ச நேரத்தில் ஜவ்பர் மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் நஸீலா. ஒழுங்கைத் தண்ணீரில் நெல் மிதப்பதைத்தான் முதலில் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. சுலைஹா வீட்டுப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"நாளைக்கு வா" என்றார் போனில். "ஓம், எல்லாம்தான். நாப்பதும் ஏத்து."

"ஜவ்பர், உள்ளுக்கு வந்து பாருங்க, நிறையத் தப்பியிரிக்கி" என்றார் பரீதா.

"பாத்தென்ன டீச்சர்? நாளைக்கும் இப்பிடித்தான் இரிக்கும். மழைக்கு உங்கட ஊடும் தெரியா, என்ட ஊடும் தெரியா. ரோட்டுல கிடந்தா நான் மட்டும் நாசமாப் போயிருப்பன். இப்ப உங்களையும் சேர்த்து இழுத்துட்டன். போதும்."

அந்த மனிதர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நஸீலா அவரைப் பார்க்கவில்லை. ஹாலுக்குள் போய் ஊறிய நெல்லில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முளைக்க முன்ன அவிச்சா என்ன?" என்றார்.

"எதுல அவிக்கிற? பன்னிரண்டு மூட்டை!"

"புழுங்கல் ஆகும். அவ்வளவுதானே. நனைஞ்சத அவிப்பம், நனையாதத திரும்ப விரிப்பம்."

"கிடாரம் இரிக்கி" என்றார் சுலைஹா. கலியாணச் சோறு ஆக்கும் பெரிய பாத்திரங்கள். பள்ளிவாசல் சாமான் அறையில் மூன்று இருந்தன. அந்த அறையின் சாவி ஹாஜியாரிடம். எல்லோரும் அவரைப் பார்த்தோம். ஜுப்பா உடம்போடு ஒட்டி, தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். திரும்பி வெளியே நடந்தார். பள்ளிவாசல் பக்கமாக.

சனிக்கிழமை விடிந்தபோது ஒழுங்கையே அடுக்களையாகியிருந்தது. செங்கல் அடுப்பு மூன்று, அதன்மேல் மூன்று கிடாரம், அடியில் தேங்காய் மட்டை. இரவெல்லாம் ஊறிய நெல் ஆவியில் வெந்தது. அந்த வாசனையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பசி எடுத்தது, அதை மட்டும் சொல்கிறேன். நஸீலா ஒரு கிடாரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தபடி உமி வெடித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல, வெந்ததை அள்ளிப் பெண்கள் மறுபடியும் மாடியேறினார்கள். வானம் வெளுத்திருந்தது. ஆனால் ஜவ்பர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அகப்பையைக் கையில் கொடுத்த பிறகுதான் கிண்ட ஆரம்பித்தார். லொறியை வரவேண்டாம் என்று அவர் சொன்னாரா இல்லையா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் ஹார்ன் கேட்டது. லொறி உள்ளே வர வழியில்லாமல் அதன் ஆள் நடந்து வந்தார். அடுப்பு, ஆவி, மாடியேறும் ஆசிரியைகள் எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜவ்பர் காக்கா, எங்க மூட்டை? ஆக்களக் கூட்டிக்கிட்டு வந்திரிக்கன். ஏத்துவமா?" அண்ணனைத்தான் அங்கே காக்கா என்கிறார்கள்.

ஜவ்பர் அகப்பையை நிறுத்தினார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், வாக்குத் தவறும் ஆள் போலவும் தெரியவில்லை. பரீதாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

மூன்றாவது அடுப்பருகே நின்றிருந்த ஹாஜியார் இரண்டடி முன்னால் வந்தார். முகமெல்லாம் கரி.

"ஏத்த ஒண்டும் இல்ல தம்பி. இது எங்கட சாப்பாடு. விக்கிறதுக்கு இல்ல."

"அவர்தானே வரச்சொன்ன…"

"அவருக்கிட்ட என்ன கேக்கிற? இருபத்திரண்டு ஊட்டுச் சோறு இது. வேணுமெண்டா இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போ."

லொறி ஆள் ஜவ்பரைப் பார்த்தார். ஜவ்பர் ஹாஜியாரைப் பார்த்தார். பிறகு குனிந்து கிடாரத்தைக் கிண்ட ஆரம்பித்தார். லொறி ஆள் தலையைச் சொறிந்துகொண்டு வந்த வழியே நடந்தார். ஹாஜியார் இடுப்பில் கை வைத்து, அவர் மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை முறைத்துக்கொண்டே நின்றார்.

"ஹாஜியார்!" என்று பின்னாலிருந்து நஸீலா அதட்டினார். "கதைச்சிக்கிட்டு நிண்டா அடிப்பிடிக்கும். நெருப்பப் பாருங்க."

"ஓம் புள்ள, ஓம்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓய்வுபெற்ற அதிபர் அடுப்பின் முன் குந்தி மட்டையைத் தள்ளினார்.